சந்தேகத்தின் வீட்டுக் குளியலறை

பிளம்பர் சந்தேகம் காலையிலிருந்து தன் வீட்டுப் புதுக் குளியலறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஷவர் தண்ணீர் இறங்குகிற சல்லடை மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது எங்கே போனதோ. ஒரு குழாயை ஒட்டினால் ஆட்டிப் பார்ப்பார், காய்ந்த பிறகு ஆட்டிப் பார்ப்பார், கிளம்பும்போது இன்னொரு ஆட்டு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆசாமி. அப்படிப்பட்ட மனுஷனுக்கு வேறென்ன பெயர் ஒட்டும், சொல்லுங்கள்.

அவருக்கு இருந்த சந்தேகங்களிலேயே பெரியது தன் ஞாபகத்தின் மேல்தான். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வேலை நடக்கிற இடத்தில் எந்தக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைத்தாலும், பழைய ஆரஞ்சுத் திரைச்சீலையிலிருந்து கிழித்த ஒரு நாடாவை ஸ்கூட்டர் கைப்பிடியில் கட்டிவிடுவார். அடைப்பை எடுத்த பிறகுதான் நாடாவை அவிழ்ப்பார். கைப்பிடியில் துணி இருந்தால் வேலை பாக்கி, இல்லையென்றால் முடிந்தது, நிம்மதியாக வண்டியைக் கிளப்பலாம். இதை அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் சேர்த்துக் கிண்டல் பண்ணுவார்கள். பொண்டாட்டியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் மாமனார் வருகிறார். அதுதான் விஷயம்.

மாமனார் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மூக்கைப் பற்றிக் குடும்பத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். வாசலில் நிற்கும்போதே உள்ளே இருக்கிற மீன் இன்றைக்கு வந்ததா நேற்று வந்ததா என்று சொல்லிவிடுவாராம். அப்பேர்ப்பட்டவர் மகன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். கம்பி வைத்துச் சரிசெய்தார்கள். நடக்க நாலு கால் கைத்தாங்கி வந்தது. ஆனால் அந்த வீட்டில் குளிக்க ஒரு உயரமான படியைத் தாண்ட வேண்டும், அது அவரால் முடியவில்லை. மகன்தான் உட்காரவைத்துக் குளிப்பாட்டினான். சில வாரம் பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் திடீரென்று, என்னை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டார். இல்லத்தில் இடமும் பார்த்தாயிற்று.

சந்தேகத்தின் மனைவி அன்று அழுத அழுகை கொஞ்ச நஞ்சமல்ல. அப்பா யார் கையும் படாமல் தானே குளிக்கிற மாதிரி ஒரு இடம் இருந்தால் வருவாரா என்று தம்பியிடம் கேட்டாள். பெரியவர் யோசித்துச் சொல்லி அனுப்பினார்: வந்து பார்ப்பாராம், ஒரு தடவை குளித்துப் பார்ப்பாராம், சரிப்படாவிட்டால் அங்கிருந்தே இல்லத்துக்குப் போய்விடுவாராம். பெட்டி காரிலேயே இருக்குமாம். பேச்சு முடிந்தது.

அதனால்தான் சந்தேகம் தன் சாமான்கள் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி பண்ணினார். சுவருக்கு அந்தப் பக்கம் பழைய குளியலறையும் டாய்லெட்டும் இருந்தன. புது ஷவரின் தண்ணீரை அந்தப் பழைய லைனோடு சேர்ப்பதுதான் வேலை. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சல்லடைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான், அதற்குப் பெயர் டிராப். பக்கத்து டாய்லெட்டில் ஃபிளஷ் பண்ணும்போது தண்ணீர் குபுகுபுவென்று ஓடும். ஓடுகிற தண்ணீருக்குப் பின்னால் காற்று வர வேண்டும். அந்தக் காற்றுக்காகத்தான் லைனிலிருந்து ஒரு குழாய் சுவரோடு ஏறி மொட்டை மாடிக்கு மேலே வாயைத் திறந்துகொண்டு நிற்கும், வென்ட் பைப். அதிலிருந்து காற்று வராவிட்டால், ஓடுகிற தண்ணீர் டிராப்பில் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு சாக்கடைக்கும் மூக்குக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது.

சந்தேகம் புது லைனை வென்டுக்குப் பக்கத்திலேயே சேர்த்தார். ரசமட்டம் வைத்துக் குழாயின் சரிவை, அதாவது வாட்டத்தைப் பார்த்தார், திருப்தியில்லாமல் இன்னொரு ரசமட்டம் இரவல் வாங்கி அதையும் வைத்துப் பார்த்தார். எல்லா வாயையும் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவினார். ஒரு குமிழி வரவில்லை. அதற்குப் பிறகுதான் கொத்தனார் வந்து தரையை மூடி, படியே இல்லாமல் சரிவாக டைல்ஸ் போட்டார். சுவரில் கைப்பிடிக் கம்பி, ஒரு மர முக்காலி, உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில் ஷவர். கொத்தனார் அவருக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. உன் மாமனார் வரமாட்டேன்னு சொன்னா நான் வந்து குடியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சிமென்ட் காயும் வரை சல்லடையை டேப் போட்டு ஒட்டியே வைத்திருந்தார்கள். நடுவில் மனைவி, டாய்லெட்டில் தண்ணீர் மந்தமாக இறங்குகிறது என்று ஒரு தடவை சொன்னாள். சந்தேகத்தின் புத்தி முழுக்கப் புது அறையில். பார்க்கலாம் என்றார், பார்க்கவில்லை. எதை எதையோ சந்தேகப்படுகிற மனுஷன் அதைச் சந்தேகப்படவில்லை பாருங்கள்.

அன்று காலைதான் டேப்பைப் பிரித்தார். வாளியால் தண்ணீர் ஊற்றினார், ஜம்மென்று இறங்கியது. மனசு குளிர்ந்துபோய், சும்மா ஒரு திருப்திக்கு, அந்தப் பக்கம் போய் ஃபிளஷ் பண்ணு என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் பண்ணினாள். சல்லடைக்குள்ளிருந்து களக் களக் களக் என்று சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார். தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நாற்றம் ஏறி வந்தது. இத்தனை வருஷமாக அடுத்தவர் வீட்டில் மோந்த அதே நாற்றம், தன் வீட்டில், புது டைல்ஸுக்கு நடுவில்.

மறுபடி தண்ணீர் ஊற்றினார், மறுபடி ஃபிளஷ். அதே களக். மூட்டு எங்காவது விட்டதா, வாட்டம் அதிகமாகிவிட்டதா, வென்டிலிருந்து தள்ளிப் போய்ச் சேர்த்துவிட்டோமா என்று ஒவ்வொன்றாக நெஞ்சைக் குடைந்தது. வென்டை அடைத்தோமா, எடுத்தோமா என்ற நினைப்பும் ஒரு நொடி வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. காற்றடித்துப் பார்த்த மறுநாள் காலை எழுந்ததும் அவர் ஸ்கூட்டரைத்தான் முதலில் பார்த்தார், கைப்பிடியில் நாடா இல்லை. நாடா இல்லையென்றால் எல்லா அடைப்பையும் எடுத்தாயிற்று. அந்த நாடா இதுவரை அவரைக் கைவிட்டதே கிடையாது. அப்படியானால் கோளாறு தரைக்கு அடியில்தான்.

கொத்தனாரை ஓடிவரச் சொன்னார். வந்தவர் களக் சத்தத்தைக் கேட்டார், மூக்கைப் பொத்தினார், பிறகு சந்தேகத்தின் கையில் இருந்த உளியைப் பார்த்தார். இப்போது உடைத்தால் இன்னும் நாலைந்து நாளைக்கு இந்த அறையில் காலை வைக்க முடியாது என்றார். உடைக்காவிட்டால் என் மாமனார் இந்த வீட்டிலேயே காலை வைக்கமாட்டார் என்றார் இவர். இரண்டு பேரும் நிஜமாகவே சண்டை பிடிக்கிற கட்டத்துக்குப் போய்விட்டார்கள். அதற்குள் மச்சானிடமிருந்து போன் வந்தது. கிளம்பிவிட்டார்களாம், பாதி வழி தாண்டியாயிற்றாம்.

சந்தேகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உளியைக் கீழே போட்டார். கடைசியில் அவர் சொன்ன யோசனை இதுதான்: டிராப்பில் தண்ணீர் நிரப்பி வைப்போம், மாமனார் குளித்து முடிக்கும் வரை டாய்லெட்டில் யாரும் ஃபிளஷ் பண்ணக் கூடாது. அவர் சரியென்று சொல்லட்டும், அப்புறம் தரையை உடைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மனைவி கீழே கிடந்த உளியை எடுத்து ஓரமாக வைத்தாள். "எங்கப்பாகிட்ட ஏமாத்து வேலை செய்யணுமா?" என்றாள்.

"ஏமாத்து இல்லம்மா. நாலு நாள் தவணை."

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

கார் வந்து நின்றது. மாமனார் இறங்குவதற்குள் சந்தேகத்துக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. பெரியவர் இளைத்துப் போயிருந்தார், சட்டை தோளில் தொங்கியது. மகள் கட்டிக்கொள்ள வந்தபோது, இருக்கட்டும்மா, வேர்வை, என்று ஒரு கையை நீட்டி அவளைத் தள்ளியே நிறுத்திவிட்டார். கைத்தாங்கியை ஊன்றி ஊன்றி நேராகப் புது அறைக்குப் போனார். தரையைப் பார்த்தார், கம்பியை இழுத்துப் பார்த்தார், முக்காலியைத் தட்டிப் பார்த்தார். மாமனாரும் நம்ம ஜாதிதான் என்று மற்ற நாளாயிருந்தால் சந்தேகம் சந்தோஷப்பட்டிருப்பார். புது சோப்பு ஒன்று கேட்டார் பெரியவர். மகள் கொடுத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அப்பா தனியாகத் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மனைவியின் கண் கலங்கியது. உள்ளே ஷவர் ஓடத் தொடங்கியது.

மச்சான் கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, அப்பாவைப் பற்றிப் புகார் சொன்னான். சோப்பு சோப்பாகக் கரைக்கிறாராம், வாங்கி மாளவில்லையாம். யாரையும் பக்கத்தில் விடுவதில்லையாம், சாப்பாட்டைக்கூடத் தனியாக வைக்கச் சொல்கிறாராம். தன் பெண்டாட்டி அவர் அறையில் தினம் ரூம் ஸ்பிரே அடித்து எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாள் தெரியுமா என்றான். சொல்லிக்கொண்டே எழுந்து பழைய குளியலறைப் பக்கம் நடந்தான்.

சந்தேகம் குறுக்கே பாய்ந்தார். அங்கே வேலை நடக்கிறது, அடுத்த வீட்டில் கேட்டுவிடலாம் என்று என்னென்னவோ உளறினார்.

"அத்தான், நீண்ட தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். நகருங்க," என்று மச்சான் உள்ளே போய்விட்டான்.

ஃபிளஷ் மட்டும் பண்ணாதே என்று கதவுக்கு வெளியே நின்று சந்தேகம் அடித்தொண்டையில் சொன்னார். அடித்தொண்டையில் சொன்னது யாருக்குக் கேட்கும். உள்ளே பெரியவர் சோப்புப் போடுவதற்காக ஷவரை நிறுத்திய அதே நேரத்தில், இந்தப் பக்கம் சர்ரென்று தண்ணீர் இறங்கியது. அந்தப் பக்கம் களக் களக் களக்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். ஷவர் மறுபடி ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது. நிறுத்தி நிறுத்திச் சோப்புப் போடுகிறார் என்று தெரிந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு நேரம் குளிப்பானா என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. விழுந்துவிட்டாரோ என்று மகள் பதறிக் கதவைத் தட்டப் போனபோது தாழ்ப்பாள் திறந்தது.

பெரியவர் தலை துவட்டி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்தார்கள். ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க மாப்பிள்ளை, ஒரு குறையும் இல்லை, என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, வண்டியை எடுப்பா, இல்லத்துக்கே போயிடலாம் என்றார்.

மகள் கையைப் பிடிக்கப் போனாள், விலகிக்கொண்டார். என்ன குறைப்பா, சொல்லுங்களேன் என்று கெஞ்சினாள். ஒன்றும் இல்லையென்றே சொல்லிக்கொண்டு கைத்தாங்கியை ஊன்றி வாசலுக்குப் போய்விட்டார். அவள் திரும்பிக் கணவனை முறைத்தாள். கப்பல் மூக்குக்குத் தெரிந்துவிட்டது, மாப்பிள்ளை மானம் போகக் கூடாதென்று பெரிய மனுஷன் நாசூக்காகக் கிளம்புகிறார், என்றுதான் சந்தேகம் நினைத்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. முகத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று கொல்லைப் பக்கம் போனார்.

கொல்லைக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தரை துடைத்த துணிகளை மனைவி துவைத்து வரிசையாகப் போட்டிருந்தாள். இரண்டு பழைய பனியன், ஒரு கிழிந்த துண்டு, கடைசியில் ஒரு ஆரஞ்சு நாடா.

சந்தேகம் அங்கேயே நின்றுவிட்டார். இது எங்கே கிடைத்தது என்று உள்ளே பார்த்துக் கேட்டார். அழுதுகொண்டே வந்த மனைவி, நீங்கள் பம்படித்த அன்றைக்கு ராத்திரி ஸ்கூட்டரில் அழுக்குத் துணி தொங்கிக்கொண்டிருந்தது, அப்பா வருகிற நேரத்தில் வாசல் அசிங்கமாயிருக்கக் கூடாதே என்று அவிழ்த்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டேன், இப்போது இந்தக் கந்தல்தான் முக்கியமா என்று எரிந்து விழுந்தாள்.

அவர் பதில் சொல்ல நிற்கவில்லை. மொட்டை மாடிக்கு எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. வென்ட் பைப்பின் வாயில், சைக்கிள் டியூப் சுற்றிய மரக்கட்டை, அவர் கையாலேயே இறுக்கி அறைந்தது, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகி இழுத்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தடதடவென்று இறங்கி, டிராப்பில் தண்ணீர் ஊற்றி, ஓடிப்போய் ஃபிளஷ் பண்ணி, திரும்ப ஓடிவந்து டார்ச் அடித்தார். தண்ணீர் லேசாக ஆடிவிட்டு அங்கேயே நின்றது. இன்னொரு தடவை பார்க்கலாமா என்று புத்தி கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

மச்சான் வண்டியைக் கிளப்பிவிட்டான். சந்தேகம் முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் வண்டியை மறித்தார், அந்த மரக்கட்டை இன்னும் கையிலேயே இருந்தது. பெரியவர் உட்கார்ந்திருந்த பக்கம் போய்க் குனிந்தார்.

"மாமா, குளிக்கும்போது நாத்தம் வந்துச்சா?"

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அது நான் செஞ்ச தப்பு மாமா. மாடியில காத்துக்குழாயை இந்தக் கட்டையால அடைச்சேன், எடுக்க மறந்துட்டேன். பக்கத்துல ஃபிளஷ் பண்ணவும் சாக்கடை நாத்தம் உள்ள வந்துடுச்சு. இப்ப எடுத்துட்டேன். இனிமே வராது."

பெரியவர் கட்டையைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"அப்ப அது என் மேல இல்லையா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெரியவர் மெதுவாகச் சொன்னார். மருமகள் தினம் காலையிலும் சாயங்காலமும் அவர் அறையில் ஸ்பிரே அடிப்பாளாம். எதற்கு அடிக்கிறாள் என்று யோசித்தாராம். தன் மேல் நாற்றம் வருகிறது, வயசானதில் தன் மூக்கு செத்துப்போய்த் தனக்கு மட்டும் தெரியவில்லை என்று முடிவு பண்ணிவிட்டாராம். மகனும் குளிப்பாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வானாம்.

"தனியா நல்லா தேய்ச்சுக் குளிச்சா போயிடும்னு நெனச்சுதான் இங்க வந்தேன். சோப்புப் போடுறப்பவே நாத்தம் வந்துச்சு, எவ்வளவு தேய்ச்சும் போகல. எனக்கே தெரியுற அளவுக்கு ஆயிடுச்சேன்னு ஆயிடுச்சு மாப்பிள்ளை. பெத்த பொண்ணு முகத்தைத் திருப்பிக்கறதையும் பார்க்கணுமா."

மச்சான் இன்ஜினை நிறுத்தினான். நீங்க கூச்சப்படக் கூடாதுன்னுதான்ப்பா திரும்பிக்கிட்டேன் என்றான். இறங்கிப் பின்னால் போய்ப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தான்.

மகள் கார்க் கதவைத் திறந்து, இந்தத் தடவை அவர் கையை நீட்டுவதற்குள் குனிந்து, அப்பாவின் கழுத்தில் முகத்தை அழுத்திக்கொண்டாள். சோப்பு வாசனைதான்ப்பா, வேற ஒண்ணுமே இல்லை என்றாள். பெரியவர் மனசு மாற நிறைய நேரம் எடுக்கவில்லை. சந்தேகம் கட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் மறுபடி உள்ளே வந்தார். குளியலறைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஃபிளஷ் பண்ணச் சொன்னார். அதுவரை போகாமல் நின்றிருந்த கொத்தனார்தான் ஓடிப்போய்ப் பண்ணினார். அந்தப் பக்கம் சர்ரென்று தண்ணீர் இறங்கியது, இந்தப் பக்கம் சத்தமே இல்லை. பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிந்த மட்டும் குனிந்து சல்லடையை மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தன் கையை மோந்து பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நிதானமாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக.